குளிர்காலத்துக்கு முன்பே வந்த பனிப்புயல்: தெற்கு டகோட்டா, அக்டோபர் 2013

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மேற்குப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரி எல்லாம் பழகிப்போன விஷயம். ஜனவரியிலும் மாடுகள் வெட்டவெளியில்தான் நிற்கும். முதுகின் மேல் பனி படிந்து, உருகாமல் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துப் பண்ணைக்காரர் கவலைப்பட மாட்டார். பனி உருகவில்லை என்றால் உடம்புச் சூடு ரோமத்தைத் தாண்டி வெளியே கசியவில்லை என்று அர்த்தம். உருகி முதுகு நனைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அதே நிலத்தில், 2013 அக்டோபர் முதல் வாரத்தில், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருந்தபோதே ஆயிரக்கணக்கான மாடுகள் இரண்டு நாளுக்குள் செத்து விழுந்தன. மைனஸ் 25ஐத் தாங்குகிற மாடு பூஜ்யத்தில் எப்படிச் சாகும்? இங்கே ஆராயப்போவது இதைத்தான். கூடவே, ஐம்பது அறுபது மாட்டை நம்பிப் பிழைக்கிற ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு நாளில் என்னென்ன போயிற்று என்ற கணக்கையும் பார்க்கலாம்.

நடந்தது என்ன

அந்த வாரத் தொடக்கத்தில் பகல் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தது. 2012இல் கடும் வறட்சி. அதற்கு மாறாக 2013இல் புல் நன்றாக வந்திருந்தது. அதனால் மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. அந்த நிலங்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து வெகுதூரம். மரம் மட்டை கிடையாது, திறந்த புல்வெளி. குளிர்கால மேய்ச்சலுக்கு ஒதுக்கி வைத்த, ஓடைப் பள்ளங்களும் மரவரிசைகளும் உள்ள நிலத்துக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்த வருடம் பிறந்த கன்றுகளும் தாயோடுதான் இருந்தன. அவற்றைப் பிரித்து விற்கும் பருவம் அப்போதுதான் தொடங்க இருந்தது.

3ஆம் தேதி, வியாழக்கிழமை மழை பிடித்தது. சாதாரணத் தூறல் இல்லை. மணிக்கணக்கில் பெய்து மாட்டின் தோல்வரை நனைத்த குளிர்ந்த மழை. வெள்ளியன்று அது ஈரப்பனியாக மாறியது. காற்று சில இடங்களில் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தொட்டது. சனிக்கிழமை ஓய்ந்தபோது ராப்பிட் சிட்டியில் 23 அங்குலம் பனி. பிளாக் ஹில்ஸ் மலைமேல் இருக்கும் லீட் என்ற சிற்றூரில் 55 அங்குலம். தொலைக்காட்சி வானிலைச் சேனல் இந்தப் புயலுக்கு அட்லஸ் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

புயலில் மாடு நின்ற இடத்தில் நிற்காது. காற்றுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, காற்று தள்ளும் திசையிலேயே நடக்க ஆரம்பிக்கும். வழக்கமாக வேலி வந்து தடுக்கும். இந்த முறை பனி குவிந்து வேலியையே மூடிவிட்டது. மாடுகள் அதன் மேலேயே ஏறி அடுத்த நிலத்துக்குப் போயின. சில மந்தைகள் பல கிலோமீட்டர் நகர்ந்திருந்தன. வேலி நின்ற இடத்தில் மூலையில் போய் நெருக்கியடித்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. ஓடைப் பள்ளங்களில் இறங்கியவை மேலே ஏற முடியாமல் பனிக்குள் புதைந்தன. தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டைகளில் விழுந்து மூழ்கியவையும் உண்டு. மற்றவை நடந்து நடந்து ஓய்ந்து, உடல் சூடு இறங்கி, மூச்சு முட்டி விழுந்தன.

பாதை திறந்து பண்ணைக்காரர்கள் வெளியே போவதற்கே நாளாயிற்று. சாலையோரப் பள்ளங்களில் மாடுகள் வரிசையாகக் கிடந்தன. எந்த மாடு யாருடையது என்பதைத் தோலில் போட்ட சூட்டுக்குறியை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தவையும் ஐந்தாறு பண்ணை மாடுகள் கலந்துபோய் நின்றன. செத்த விலங்கை 36 மணி நேரத்துக்குள் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். சேறும் பனியுமாக இருந்த நிலத்தில் அது நடக்கிற காரியமில்லை. உள்ளூர் நிர்வாகம் பொதுக் குழிகளை வெட்டிக் கொடுத்தது.

முதல் நாட்களில் ஒரு லட்சம் மாடு போயிற்று என்றுகூடப் பேச்சு இருந்தது. மாநில விவசாயத் துறையிடம் பிறகு பதிவான கணக்கு ஏறத்தாழ 14,000 மாடுகள். ஆடும் குதிரையும் தனி. மாநிலம் முழுக்க இருந்த சுமார் 38 லட்சம் மாடுகளோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் இந்தச் சதவீதத்தால் யாருக்கு என்ன பயன்? சாவு பரவலாக விழவில்லை. ஒரு பண்ணையில் இரண்டு மாடு, பக்கத்துப் பண்ணையில் பாதி மந்தை என்று விழுந்தது.

குளிர் கொல்லவில்லை

மாட்டின் உடம்பைக் காப்பது ரோமத்தின் நீளம் மட்டும் இல்லை, ரோமங்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அந்தக் காற்றடுக்கு இருக்கும்வரை வெளிக்குளிர் தோலுக்கு வராது. நனைந்தால் ரோமம் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றடுக்கு போய்விடும்.

கால்நடை ஊட்டச்சத்துத் துறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் மாடு தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதற்கென்றே கூடுதல் தீனியைச் செலவழிக்க வேண்டும் என்பதை ஓர் எல்லையாக வைப்பார்கள். அடர்ந்த, காய்ந்த குளிர்கால ரோமம் உள்ள மாட்டுக்கு அந்த எல்லை மைனஸ் 8 டிகிரி. சுமாரான குளிர்கால ரோமத்துக்கு பூஜ்யம். இலையுதிர் காலத்து அரைகுறை ரோமத்துக்கு 7. நனைந்த ரோமத்துக்கு, அது எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், 15 டிகிரி. எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீனித்தேவை சுமார் 2 சதவீதம் கூடும்; நனைந்திருந்தால் அதற்கு இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இதை அந்த வெள்ளிக்கிழமைக்குப் பொருத்திப் பாருங்கள். வெப்பநிலை பூஜ்யம்; காற்றையும் சேர்த்தால் உடம்புக்கு அது மைனஸ் 10 போல. மாட்டின் எல்லையோ 15. இடைவெளி 25 டிகிரி. உடல் சூட்டைக் காக்க வழக்கமானதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், ஏறக்குறைய இரண்டு மடங்கு தீனி வேண்டும். கிடைத்தது எவ்வளவு? ஒன்றுமில்லை. புல் பனிக்குள் போய்விட்டது. காற்றில் தள்ளாடி நடக்கிற மாட்டால் மேயவும் முடியாது. மாட்டின் பெருவயிறு நாரைப் புளிக்கவைக்கும்போது வெளிவரும் சூடுதான் அதன் சொந்த அடுப்பு. தீனி நின்றதும் அதுவும் அணைய ஆரம்பித்தது.

ஜனவரியில் மைனஸ் 20 இருக்கும் நாளில் இதே மாட்டுக்கு ரோமம் அடர்ந்து காய்ந்திருக்கும்; எல்லைக்கும் வெளிக்குளிருக்கும் இடைவெளி 12 டிகிரிதான். வாய்க்கு முன்னால் உலர்புல் கிடக்கும். அது சமாளித்துவிடும். வெப்பமானியில் அதைவிட 20 டிகிரி கதகதப்பாகத் தெரிந்த அக்டோபர் நாள், மாட்டின் உடம்புக்கு ஜனவரியைவிட இரண்டு மடங்கு மோசமான நாளாக இருந்தது. குளிர்கால ரோமம் குளிரைப் பார்த்து முளைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பகல் குறையக் குறைய வளர ஆரம்பித்து, டிசம்பர் வாக்கில் முழுமை அடையும். அதை யாரும் முன்கூட்டி வரவழைக்க முடியாது.

"கொட்டகையில் அடைத்திருக்கலாமே"

புயல் செய்தி பரவியதும் வெளியூர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி இது. கேள்வியில் கோபமும் இருந்தது. எனக்கு இது பாதி நியாயமான கேள்வியாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான மாடுகளுக்குக் கொட்டகை கட்டும் செலவை இறைச்சி மாட்டு வருமானம் தாங்காது. இதை விடுங்கள். கட்டினாலும் மாட்டுக்கு நல்லது என்று சொல்ல முடியாது. குளிர்கால ரோமத்தோடு இருக்கும் மாட்டைக் காற்றோட்டமில்லாத கொட்டகையில் நெருக்கி அடைத்தால் மூச்சுக்காற்றின் ஈரமும் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் சேர்ந்து நுரையீரலைப் பதம் பார்க்கும். கன்றுகளுக்கு நிமோனியா வரும். வெளியில் நிற்கும் மாடுகளுக்குத்தான் பெரும்பாலும் மூச்சுக்கோளாறு குறைவு.

அப்படியானால் வெளியே விடுவது என்றால் சும்மா அவிழ்த்து விடுவது என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் வட சமவெளிகளிலும் அதற்கு மேலே கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் இது ஒரு தேர்ந்த வேலை. முதல் தேவை, காற்றை மறைக்க ஏதாவது. மரவரிசை இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் பலகை வேலி. பலகைகளை நெருக்கமாக அடித்தால் தவறு. முழுச் சுவராக இருந்தால் காற்று மேலேறி, சுவருக்குப் பின்னாலேயே சுழன்று, மாடு நிற்கும் இடத்திலேயே பனியைக் கொட்டும். நான்கில் ஒரு பங்கு இடைவெளி விட்டு அடித்தால் காற்று வேகம் குறைந்து கசியும். அப்படி அடித்த வேலி, அதன் உயரத்தைப் போல எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்கு மாட்டைக் காக்கும்.

அப்புறம் தீனி. 600 கிலோ எடையுள்ள பசு நாளுக்கு 12 முதல் 15 கிலோ உலர்புல் தின்னும். ஐந்து மாதக் குளிர்காலத்துக்கு ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய 2 டன். இதைக் கோடையிலேயே அறுத்து, காயவைத்து, உருளைக்கட்டாகக் கட்டி வைக்க வேண்டும். இறைச்சி மாட்டுப் பண்ணையின் செலவில் பெரும்பங்கு இந்தக் குளிர்காலத் தீனிக்கே போகிறது. ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கட்டுகளை வயலிலேயே இடம் பிரித்துப் போட்டு வைத்து, மின்வேலியை நகர்த்தி நகர்த்திச் சில கட்டுகளாகத் திறந்துவிடுகிறார்கள். டிராக்டர் தினமும் ஓட வேண்டாம். சாணமும் மூத்திரமும் விழும் இடத்திலேயே கிடப்பதால் அடுத்த வருடம் அந்த வயலில் புல் கருகருவென்று வரும். பட்டியில் சேர்ந்த எருவை அள்ளிக்கொண்டு போய் இறைப்பதைவிட நைட்ரஜன் சத்து மண்ணில் அதிகம் தங்குகிறது என்று கனடாவின் சஸ்காச்சுவானில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு வேலைக்குப் போய்க்கொண்டே மாடும் வளர்ப்பவர்களுக்கு இந்த முறை பெரிய உதவி.

அவர்களுக்கே உதவுகிற இன்னொரு உத்தியையும் சொல்லிவிடுகிறேன். மானிடோபா மாகாணத்துப் பண்ணையாளர் கோனெஃபல் பெயரில் வழங்கும் முறை அது. சினைமாடுகளுக்கு இரவில் தீனி போட்டால் பெரும்பாலானவை பகலில் கன்று போடும். இரவு இரண்டு மணிக்கு, உறைபனியில், ஈரக் கன்றைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

இத்தனையும் தெற்கு டகோட்டா பண்ணைகளில் இருந்தன. காற்றுத்தடுப்பும் இருந்தது, உலர்புல்லும் அடுக்கியிருந்தது. எல்லாம் குளிர்கால நிலத்தில் இருந்தன. மாடுகள் அங்கே இல்லை.

பழைய பாடம் ஒன்று

அந்த வட்டாரத்தில் மாட்டுச்சாவு என்றால் 1886–87 குளிர்காலத்தைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். அப்போது வேலியே இல்லாத பொதுப் புல்வெளியில் மந்தைகளை விட்டுவிட்டு, வசந்தத்தில் வந்து தேடிப் பிடிப்பார்கள். உலர்புல் சேமிக்கும் பழக்கம் இல்லை. 1886 கோடை வறண்டது. அளவுக்கு மீறி மாடுகளை விட்டிருந்ததால் புல் முன்பே தீர்ந்திருந்தது. பனி சீக்கிரம் தொடங்கியது. நடுவில் உருகி, மறுபடி உறைந்து, புல்லின் மேல் ஓடு கட்டிக்கொண்டது. மாடுகள் பட்டினியில் செத்தன. டகோட்டாவின் பேட்லாண்ட்ஸ் பகுதியில் மாடு வளர்த்துக்கொண்டிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், தன் மந்தையில் பாதிக்கும் மேல் இழந்தார். பெருமுதலாளிகள் பலர் அதோடு மூட்டை கட்டினார்கள். மீந்தவர்கள் சின்ன மந்தை, சொந்த வேலி, சொந்த உலர்புல் என்று மாறினார்கள். இன்று அங்கே இருக்கும் குடும்பப் பண்ணையின் வடிவம் பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு வந்ததுதான்.

அட்லஸ் அந்தப் பாடத்தைச் சீண்டவே இல்லை. உலர்புல் சேர்த்து வைக்காததால் ஒரு மாடும் சாகவில்லை. நீண்ட பட்டினிக்காக 125 வருடம் தயாரானவர்களை ஒன்றரை நாள் ஈரம் அடித்தது. எச்சரிக்கை வந்ததா என்றால், வந்தது. புயலுக்கு முன்பே வானிலை மையம் சொல்லியிருந்தது. ஆனால் அறுபது தாயும் கன்றும் கொண்ட மந்தையை முப்பது கிலோமீட்டர் நகர்த்துவது ஒரே நாளில் முடியும் வேலை இல்லை. அதுவும் வெயில் அடிக்கும்போது, அக்டோபர் முதல் வாரத்தில். "முன்னறிவிப்பைக் கேட்டிருக்க வேண்டும்" என்பது வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்லச் சுலபமான பேச்சு.

அறுபது மாட்டுக் கணக்கு

அமெரிக்காவின் 2012 விவசாயக் கணக்கெடுப்புப்படி ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையில் சராசரியாக 40 பசுக்கள். தெற்கு டகோட்டாவின் மேற்குப் பக்கத்தில் மந்தைகள் இதைவிடப் பெரியவை என்றாலும், சிறிய பண்ணைகளும் நிறைய. அறுபது பசு உள்ள ஒரு பண்ணையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

அறுபதில் 54 கன்று இலையுதிர் காலம்வரை தேறும். ஒன்பது கிடாரிகளை மந்தைக்கே வைத்துக்கொண்டால் விற்பதற்கு 45. அந்த வருடம் ஒரு கன்று ஏறக்குறைய 900 டாலர். ஆக 40,500 டாலர். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை வரும் பணம் இது. இதில் குத்தகை, டீசல், உலர்புல், மருந்து, வங்கித் தவணை எல்லாம் போக மிச்சத்தில்தான் குடும்பம். இந்த அளவுப் பண்ணையில் வீட்டில் ஒருவராவது வெளிச்சம்பளத்துக்குப் போவது வழக்கம். அது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இப்போது நாலில் ஒரு பங்கு போயிற்று என்று வைப்போம்: 15 பசு, விற்பதற்கிருந்த 12 கன்று. கன்றில் 10,800 டாலர். பசு ஒன்றுக்கு 1,500 என்று குறைத்தே போட்டாலும் 22,500. செத்த பசுக்கள் பெரும்பாலும் சினை. அடுத்த வசந்தத்தில் அவை போட்டிருக்கும் கன்றில் 13 தேறியிருந்தால் இன்னொரு 11,700. மொத்தம் 45,000 டாலர். மந்தையில் கால்வாசிதான் போனது. பணத்தில் ஒரு முழு வருட விற்பனையைவிட அதிகம் போய்விட்டது. விற்பனைக்குச் சில வாரம் முன்னால் வந்ததுதான் இந்தப் புயலின் மிகக் கொடூரமான பக்கம் என்பேன். நவம்பர் கடைசியில் வந்திருந்தால் பல பண்ணைகளில் கன்றுகள் விலையாகிப் பணம் கைக்கு வந்திருக்கும். பசுக்களும் மறைவுள்ள நிலத்துக்கு வந்திருக்கும்.

உதவி எங்கே என்று கேட்டால், அதற்கும் நேரம் சரியில்லை. இயற்கைச் சீற்றத்தில் செத்த கால்நடைக்கு ஈடு தரும் மத்திய அரசுத் திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதியாகியிருந்தது. புதிய விவசாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்தது. போதாக்குறைக்கு 2013 அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசு அலுவலகங்களே நிதி ஒதுக்கீடு இல்லாமல் மூடிக் கிடந்தன. புயல் அடித்தபோது பண்ணைக்காரர் போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. செத்த மாடுகளைப் படம் எடுத்து வையுங்கள், சாட்சிக்கு வெளி ஆளை வைத்து எண்ணுங்கள், எப்போதாவது திட்டம் வந்தால் உதவும் என்றுதான் மாநில அதிகாரிகளும் சங்கங்களும் சொல்ல முடிந்தது. அப்படி எண்ணி வைத்தவர்களுக்குத்தான் பிறகு வேலை சுலபமானது. 2014 பிப்ரவரி 7 அன்று சட்டம் கையெழுத்தாகி, திட்டம் 2011 வரை பின்தேதியிட்டு உயிர்பெற்றது. விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தது ஏப்ரல் 15. சந்தை விலையில் 75 சதவீதம். நம் கணக்கில் பசுவுக்கும் கன்றுக்கும் சேர்த்து 25,000 டாலர் அளவில் வரும். வயிற்றிலிருந்த கன்றுக்கு அன்று ஒன்றும் கிடையாது.

அரசுப் பணம் வரும்வரை தாங்கியது மக்கள் கொடுத்ததுதான். கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் சேர்ந்து திரட்டிய நிவாரண நிதிக்குப் பல மாநிலங்களிலிருந்து பணம் வந்தது. பக்கத்து மொன்டானா பண்ணைக்காரர்கள் பணத்துக்குப் பதில் கிடாரிகளையே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பணத்தைவிட இது புத்திசாலித்தனமான உதவி என்று நினைக்கிறேன். ஏனென்றால் 2014இல் அமெரிக்க மாட்டுவிலை வரலாறு காணாத உச்சத்துக்குப் போயிற்று. சினைக் கிடாரி ஒன்று 2,000 டாலரைத் தாண்டியது. இழந்தது 2013 விலையில், திரும்ப வாங்குவது 2014 விலையில். கையில் ஈட்டுப்பணம் வைத்திருந்தவருக்கு 15 பசுவுக்குப் பதில் பன்னிரண்டு வாங்குவதே கஷ்டம். செத்த கன்றுகளின் வருமானம் கணக்கிலேயே வராது.

விலை கொடுத்து வாங்காமல் சொந்தக் கிடாரிகளையே வளர்த்து மந்தையை நிரப்பலாம் என்றால் செலவு குறைவு, காலம் அதிகம். 2013 வசந்தத்தில் பிறந்து புயலில் தப்பிய கிடாரிக்கன்று 2014 கோடையில் சினை பிடிக்கும், 2015 வசந்தத்தில் ஈனும், அந்தக் கன்றை 2015 அக்டோபரில் விற்கலாம். விற்க வேண்டிய கிடாரிகளையும் நிறுத்திக்கொள்வதால் நடுவில் இரண்டு வருட வருமானம் இன்னும் குறையும். அந்த இரண்டு வருடத்தைத் தாண்ட முடிந்தவர்களில் வெளிச்சம்பளம் இருந்தவர்களும், நிலத்தின் மேல் கடன் இல்லாதவர்களும்தான் முன்னால் நிற்பார்கள். அப்போதுதான் கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கிய இளம் குடும்பங்களிடம் இரண்டும் இருப்பது அபூர்வம்.